அறுபத்து நாலு டிக்கெட்... அறுபத்தைந்து உடல்!

1

கைபேசி அலறியது.

சப் இன்ஸ்பெக்டர் சண்முகப்ரியா எடுக்கவில்லை.

அவள் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏழு... எட்டு... ஒன்பது..."

விரல் நின்றது.

"பத்து!"

ஆறாவது முறையாக எண்ணுகிறாள். ஆறு முறையும் பத்துதான்!

நெய்வேலி டவுன்ஷிப்பின் அந்தச் சமூகக் கூடத்தில் போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பு நடந்தது. இப்போது பத்து ஐஸ் பெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. மேடையில் யாரோ அவிழ்க்க மறந்த ஜிகினாத் தோரணம் மின்விசிறிக் காற்றில் ஆடியது.

பெட்டிகள் பத்து.

அவள் கையிலிருந்த பட்டியலில் பெயர்கள் ஒன்பது!

கைபேசி மறுபடி அலறியது. டி.எஸ்.பி.

"சண்முகப்ரியா! எத்தனை?"

"பத்து சார்."

"ஒன்பதுன்னு சொல்லுங்க."

"சொல்லலாம் சார். எண்ணினா பத்து வருது."

"இன்னிக்கு நாலு மணிக்கு மொத்தமா தகனம். பெரியவங்க எல்லாம் வர்றாங்க, டி.வி. வருது. அதுக்குள்ள ஒன்பது ஆகணும். எப்படி ஆக்குவீங்களோ... தெரியாது!"

டொக்.

சண்முகப்ரியா கைபேசியை முறைத்தாள். மணி பதினொன்று பத்து.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு அந்தக் கொடுமை நடந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறந்த வெண்கொக்கு ஏர்லைன்ஸ் விமானம், நெய்வேலிக்கு மேலே வந்தபோது புகையைக் கக்கியது. ஊரைத் தாண்டியது. பழுப்பு நிலக்கரி வெட்டும் சுரங்கத்தின் பெரும்பள்ளத்தில் போய் விழுந்தது.

விமானத்தில் இருந்தவர்கள் அறுபத்து நாலு பேர்.

ஒருவர்கூடப் பிழைக்கவில்லை!

ஐம்பத்தைந்து உடல்களை அடையாளம் காட்டி, உறவினர்கள் அழுதபடி வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் ஒன்பது இருக்க வேண்டும்.

பத்து இருந்தது.

"மேடம்... ப்ளீஸ்..." விமானக் கம்பெனி அதிகாரி அஸ்வின் பின்னால் வந்து நின்றான். நான்கு நாள் தாடி. கசங்கிய டை. "எங்க விமானத்துல மொத்த சீட்டே அறுபத்து நாலுதான். அறுபத்தஞ்சாவது ஆளு எங்க உக்காந்து வந்திருப்பாரு? றெக்கையிலயா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"ஏதோ ஒரு உடலோட துண்டா இருக்கும் மேடம். பத்தாவதை எட்டாவதோட சேர்த்துடுங்களேன். எல்லாரும் சொல்றாங்க..."

"துண்டா?"

கேட்டது டாக்டர் சுப்புலட்சுமி. பத்தாவது பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள். ஐம்பது வயது. நான்கு நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள்.

"ரெண்டு கை, ரெண்டு கால், ஒரு தலை. இது துண்டுன்னா நானும் துண்டுதான் தம்பி. என்னையும் எதோடயாவது சேர்த்துடுங்க."

அஸ்வின் ஓரடி பின்வாங்கினான்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணிட்டீங்களா டாக்டர்?" சண்முகப்ரியா கேட்டாள்.

"எங்கே பண்றது? லிஸ்ட்ல இல்லாத உடலுக்கு ஃபாரமே தர மாட்டேங்கறாங்க. ஃபாரம் இல்லாம நான் கத்தியைத் தொடக் கூடாது. மூணு நாளா கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது!"

"ஃபாரத்தை நானே எழுதிக் கையெழுத்து போடறேன்."

"மேலிடத்துல திட்டுவாங்களே?"

"இப்ப மட்டும் கொஞ்சறாங்களா?"

டாக்டர் முதன்முறையாகச் சிரித்தாள். பிறகு பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

"ரெண்டு விஷயம் பாருங்க. வலது கை... தோள்ல இருந்து முறுக்கியிருக்கு. துணி பிழியற மாதிரி. மத்த எந்த உடல்லயும் இப்படி இல்லை."

"ரெண்டாவது?"

டாக்டர் இடுக்கியால் சுட்டிக்காட்டினாள்.

கரிந்துபோன இடுப்பில்... ஒரு வெள்ளி அரைஞாண் கொடி. நடுவில் அறுந்த இடத்தில் யாரோ செம்புக் கம்பியால் முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

மூன்று சுற்று.

2

காவல் நிலையத்தின் மர பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நேற்றும் அங்கேதான். முந்தா நாளும் அங்கேதான்!

"யாரு ஏட்டய்யா அது?"

ஏட்டு பன்னீர்செல்வம் மேசையிலிருந்து நிமிர்ந்தார். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம். வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தார்.

"வளையமாதேவி கிராமத்துப் பொம்பளை மேடம். மலர்கொடி. புருஷனைக் காணோமாம். விமானத்துல செத்தவங்க சொந்தக்காரங்க கூட்டத்துல, இதை யாரு மேடம் பாக்கறது?"

"வாயில என்ன?"

"லட்டு மேடம்."

மேசை மேல் ஒரு பெட்டி. மூடியில் பளபளப்பான ஸ்டிக்கர். *ஸ்ரீசுடர் காண்ட்ராக்ட்ஸ். 1000 நாட்கள்... ஒரு விபத்தும் இல்லை!*

"வியாழக்கிழமை குடுத்தாங்க மேடம். இன்னும் கெட்டுப் போகல."

"ஊரே எழவு வூடா கிடக்கு... லட்டு குடுத்திருக்காங்க?"

"விமானம் விழுந்தது அவங்க கணக்குல வராதாம் மேடம். அது வெளியூர் விபத்தாம்!"

சண்முகப்ரியாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லும்மா. புருஷன் எங்க வேலை பாக்கறாரு?"

மலர்கொடி எழுந்தாள். முப்பது வயதிருக்கும். குரல் கம்மியிருந்தது. சொன்னதையே நான்கு நாளாகச் சொன்ன குரல்.

"மைன்ஸ்ல மேடம். இந்த லட்டு குடுத்தாங்களே... அந்த காண்ட்ராக்ட்லதான். பேரு நெடுமாறன். செவ்வாக்கெழமை காலையில அஞ்சு மணிக்கு டிபன் பாக்ஸ எடுத்துகினு போனாரு. வரல. மேல இருந்து ஏரோபிளான் விழுந்துச்சுன்னு சொன்னாங்க. ஓடியாந்தேன். கேட்ல கேட்டா... இன்னிக்கு அவன் வேலைக்கே வரலன்றாங்க!"

"விசாரிச்சீங்களா ஏட்டய்யா?"

"விசாரிச்சேன் மேடம். சூப்பர்வைசர் மருதாசலம்னு ஒருத்தர். செவ்வாக்கெழமை நெடுமாறனுக்கு வார லீவுன்னு ரெக்கார்டைக் காட்டிட்டாரு. வேற எங்கனா குடும்பம் வெச்சிருப்பான், அங்க போய்த் தேடச் சொல்லுங்கன்னாரு."

"அவரு வாயில மண்ணு வுழ!" மலர்கொடி வெடித்தாள். "லீவு அன்னிக்கு எதுக்கு மேடம் சேப்டி ஷூ போட்டுகினு போவாரு? குடும்பம் வெச்சிருக்கற வூட்டுக்கு ஹெல்மெட்டு எடுத்துகினா போவாரு? இதைக் கேக்கறதுக்கு இந்த ஸ்டேஷன்ல ஒரு ஆள் இல்லையா?"

பன்னீர்செல்வம் மெல்லுவதை நிறுத்தினார்.

சண்முகப்ரியா அவளையே பார்த்தாள்.

"மலர்கொடி... உங்க வீட்டுக்காரர் இடுப்புல அரைஞாண் போட்டிருப்பாரா?"

"போட்டிருப்பாரு. வெள்ளி. எங்கப்பா குடுத்தது. பொங்கலுக்கு முன்ன அறுந்து போச்சு. தட்டார் கடைக்குப் போய்யான்னா எங்க போறாரு... ஒரு செப்புக் கம்பிய எடுத்து அவரே முறுக்கிகினாரு."

"எத்தனை சுத்து?"

"மூணு."

சண்முகப்ரியா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.



மலர்கொடி ஓரடி முன்னால் வந்தாள்.

"மேடம்... நீங்க ஏன் மேடம் எழுந்துட்டீங்க?"

3

"செம்புக் கம்பியா?" டி.எஸ்.பி. ஃபோனில் கத்தினார். "என் வீட்டு சமையல்கட்டுல கூட செம்புக் கம்பி கிடக்கு! ரெக்கார்டு என்ன சொல்லுது?"

"அன்னிக்கு நெடுமாறன் உள்ளே போகலைன்னு சொல்லுது சார்."

"உள்ளே போகாதவன் உள்ளே எப்படிச் செத்தான்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சார்..."

"மூணு மணி நேரம் இருக்கு. இல்லைன்னா பத்தாவது பெட்டி எட்டாவதோட சேரும்!"

டொக்.

சுரங்கத்தின் டைம் ஆபீஸ். தொழிலாளர்கள் கேட்டில் கார்டை வைத்து உள்ளே போவதும் வெளியே வருவதும் பதிவாகும் இடம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கிளார்க். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

சுற்றியது.

சுற்றிக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"சர்வர் ஸ்லோ மேடம்."

"எப்ப வேகமாகும்?"

"நான் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆவுது மேடம்... இன்னும் பாக்கல."

பத்தொன்பது நிமிடம் கழித்து வட்டம் மனசு வைத்தது. செவ்வாய்க்கிழமை முதல் ஷிஃப்ட். ஸ்ரீசுடர் காண்ட்ராக்ட்ஸ். நாற்பத்தாறு பெயர்கள்.

நெடுமாறன் பெயர் இல்லை.

சண்முகப்ரியா மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். இல்லை!

"ஏன் எல்லாம் சிவப்பா இருக்கு?"

"உள்ள போன பதிவு இருந்து, வெளிய வந்த பதிவு இல்லன்னா சிவப்பு காட்டும் மேடம். அன்னிக்கு யாரு கார்டை வெச்சாங்க? தலைக்கு மேல ஏரோபிளான்! கேட்டைத் தொறந்து வுட்டோம். எல்லாம் செருப்பைக் கூட வுட்டுட்டு ஓடிச்சு. நானே இந்த ஜன்னல் வழியாத்தான் குதிச்சேன்."

"அப்ப மொத்தமும் சிவப்பு."

"மொத்தமும்."

அவளுக்கு மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பினாள்.

"மேடம்..." பன்னீர்செல்வம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். "மொளகா வத்தல் காயப்போட்ட பாயில ஒரே ஒரு பச்ச மொளகா கிடக்குதே... இது என்னா?"

நாற்பத்தைந்து சிவப்பு வரிகளுக்கு நடுவே... ஒரே ஒரு பச்சை வரி!

*கலைச்செல்வன். உள்ளே 5.48. வெளியே 2.04.*

விமானம் விழுந்தது ஒன்று நாற்பதுக்கு.

சண்முகப்ரியாவின் புருவம் உயர்ந்தது.

"ஊரே உயிர் தப்பிச்சா போதும்னு ஓடுது... இருபத்து நாலு நிமிஷம் கழிச்சு, இந்த ஒரு மகான் மட்டும் பொறுமையா வந்து கார்டு வெச்சிட்டுப் போயிருக்காரா?"

"அவ்ளோ ஒழுக்கமான ஆளை நான் பாத்தே ஆவணும் மேடம்!" என்றார் பன்னீர்செல்வம். "வண்டிய எடுக்கட்டுமா?"

4

குறிஞ்சிப்பாடி. தறிச் சத்தம் கேட்கும் ஒரு குறுகலான தெரு.

கலைச்செல்வன் வாசலில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் கையிலிருந்த பசை டப்பா கீழே விழுந்தது.

"செவ்வாக்கெழமை வேலைக்குப் போனியா?" சண்முகப்ரியா இறங்கும்போதே கேட்டாள்.

"போ... போனேன் மேடம்."

"விமானம் விழுந்தப்ப எங்க இருந்த?"

"கரி போற பெல்ட்டாண்ட இருந்தேன்."

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

"பெருசா... டமார்னு..."

"ஓடினியா?"

"ஓடனேன் மேடம். உயிரைக் கையில புடிச்சிகினு ஓடனேன்."

"கார்டு வெச்சிட்டா?"

கலைச்செல்வன் விழித்தான்.

"கார்டா... இல்ல... ஆமா மேடம், வெச்சேன்."

"கேட்டுல கூட்டமா?"

"வரிசையா நின்னுதான்..."

"அன்னிக்கு அந்த கேட்டுல வரிசையே இல்லைய்யா!" சண்முகப்ரியா அலறினாள். "ஆயிரம் பேர் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கிட்டு ஓடியிருக்காங்க. நீ அன்னிக்கு உள்ளேயே போகல. உன் கார்டுல யாரு போனது?"

தறிகள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன.

பிடிவாதமாகக் கூடவே வந்திருந்த மலர்கொடி ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து இறங்கினாள். நேராக அவன் எதிரே வந்து நின்றாள்.

"ண்ணா... சொல்லுண்ணா. அவரா?"

கலைச்செல்வன் தடாலென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அவன்தாம்மா... அவன்தான்! தங்கச்சிய பொண்ணு பாக்க வந்தாங்க. லீவு கேட்டேன், குடுக்கல. சொல்லாம நின்னா மறுநாள் கேட்ல பேரே இருக்காது. பதினோரு வருஷமா காண்ட்ராக்ட்லயே கிடக்கறோம் மேடம்... ஒருத்தன் நிக்கறப்ப இன்னொருத்தன் அவன் கார்டுல போறது எங்களுக்குள்ள வழக்கம். நெடுமாறனுக்கு அன்னிக்கு லீவு. 'நீ போய் மாப்ளை வூட்டுக்காரனுக்கு காபி குடுடா, உன் ஷிஃப்ட நான் பாக்கறேன்'னான்."

"கேட்டுல யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்களா?"

"ஹெல்மெட் போட்டா எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சிதான் மேடம்."

"இவ நாலு நாளா ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருக்கா. நீ ஏன் வாயைத் திறக்கல?"

"பயம் மேடம்! கார்டு குடுத்தது தெரிஞ்சா வேலை போயிடும். அதுவுமில்லாம... அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியாது. மத்தியானமே சொல்லிகினு கெளம்பிட்டான்னு மருதாசலம் சார் சொன்னாரு. என் கார்டையும் குடுத்துட்டுப் போனாரு."

சண்முகப்ரியா சட்டென்று குனிந்தாள்.

"யாரு குடுத்தது?"

"மருதாசலம் சார். அன்னிக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்கு. வூட்டுக்கே வந்து."

"இதுக்கு முன்னாடி உன் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்காரு?"

கலைச்செல்வன் யோசித்தான். முகம் மெல்ல வெளிறியது.

"பதினோரு வருஷத்துல... அதான் மேடம் மொத தடவை."

5

மணி இரண்டு ஐம்பது.

ஸ்ரீசுடர் காண்ட்ராக்ட்ஸின் தகரக் கொட்டகை சுரங்க விளிம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு கரும்பலகை. *விபத்தில்லா நாட்கள்* என்ற எழுத்துக்குக் கீழே சாக்பீஸில் கொட்டை எண்.

1002.

சூப்பர்வைசர் மருதாசலம் எழுந்து நின்றார். வெளுத்த சட்டை. பட்டையாக விபூதி. பையில் மூன்று பேனா.

"வாங்க மேடம், உக்காருங்க. ஏனுங்க, மோர் சாப்பிடறீங்களா?"

"கலைச்செல்வன் கார்டை எதுக்கு வீட்டுக்கே கொண்டு போய்க் குடுத்தீங்க?"

"அதுங்களா... கீழ கிடந்துச்சுங்க. பாவம், பையன் தேடுவானேன்னு..."

"கீழே எப்போ கிடந்துச்சு?"

"ஏரோபிளான் வுழுந்த பொறவுங்க."

"கீழே கிடந்த கார்டு ரெண்டு மணி நாலு நிமிஷத்துக்கு அதுவா நடந்து போய் கேட்டுல பஞ்ச் பண்ணிச்சா?"

மருதாசலத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னிக்கு நாப்பத்தாறு பேர்ல நாப்பத்தஞ்சு பேர் சிவப்பு. ஒருத்தர் மட்டும் பச்சை. நீங்க அந்த ஒரு கார்டை பஞ்ச் பண்ணாம விட்டிருந்தா அதுவும் சிவப்போட சிவப்பா போயிருக்கும். நான் பாத்திருக்கவே மாட்டேன்! ஏன் பண்ணீங்க?"

மருதாசலத்தின் நெற்றி விபூதியை வேர்வை கரைத்தது.

"பழக்கமுங்க..." அவரை மீறி வார்த்தை வந்தது. "இருவத்தாறு வருசம்ங்க... உள்ள போன பேரு ஒண்ணு வெளிய வரலீன்னா காலையில டைம் ஆபீஸ்ல இருந்து ஃபோன் வருமுங்க. ஆளு எங்கன்னு கேப்பாங்க. அதான்... ஒருத்தரும் கேக்கக் கூடாதுன்னு..."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

தாமதம்!

அப்போது கொட்டகையின் மூலையில் ஒரு சத்தம்.

மலர்கொடி.

அவளை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். இருக்கவில்லை. தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கும் பலகையின் முன்னால் நின்றிருந்தாள். கையில் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

"இது எங்க வூட்டுது மேடம்."

மூடியைத் திறந்து பார்த்தாள்.

"தின்னுட்டு கழுவி கவுத்து வெச்சிருக்காரு. எப்பவும் அப்படித்தான். எனக்கு வேலை வெக்கக் கூடாதுன்னு..."

மருதாசலம் நாற்காலியில் சரிந்தார்.

"நான் கொல்லலீங்க! சத்தியமா கொல்லலீங்க! கரி போற பெல்ட்டுக்கு அடியில சிந்துனதை அள்ளிட்டு இருந்தான். வலது கைய உருளை இழுத்துருச்சுங்க. பெல்ட்டு ஓரமா ஒரு கயிறு ஓடுமுங்க... இழுத்தா பெல்ட்டு நின்னுரும். அது அடிக்கடி நின்னு நின்னு தொந்தரவு பண்ணுதுன்னு..."

"பண்ணுதுன்னு?"

"...கட்டி வெச்சிருந்தனுங்க."

"அப்ப அவர் இழுத்தும் நிக்கல."

"ஆமாங்க. நான் ஓடிப் போய் மோட்டாரை நிறுத்துனனுங்க. கீழ கிடந்தான். மூச்சில்லீங்க. மேடம்... அன்னிக்கு தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டாவது நாளுங்க. இன்னும் ரெண்டே நாளு! ஆயிரம் தொட்டா அடுத்த காண்ட்ராக்டும் நமக்குத்தான், நீதான் சைட் மேனேஜர்னு மொதலாளி சொல்லியிருந்தாருங்க. என்ன பண்றதுன்னு நிக்கறேன்... வானத்துல இருந்து ஏரோபிளான் வந்து வுழுகுதுங்க! முன்னூறு அடி தள்ளி! எல்லாம் ஓடறாங்க. ஒரே பொகை. ஒருத்தனும் என்னைப் பாக்கல..."

"அவரைத் தூக்கி உங்க ஜீப்புல ஏத்தினீங்க."

"ஏத்துனனுங்க. ஷூவைக் கழட்டுனேன். ஹெல்மெட்டு, ஜாக்கெட்டு எல்லாம் கழட்டுனேன். சட்டைக்குள்ள அரைஞாண் இருந்தது தெரியலீங்க. நெருப்பு ஓரமா... வெச்சுட்டு வந்துட்டனுங்க. அறுவது, எழுவது பேரு செத்துக் கிடக்கறாங்க. அதோட இவனும் ஒருத்தன்னு... செத்தவன்தானுங்களே! செத்தவனை எங்க வெச்சா என்னங்க?"

சண்முகப்ரியாவின் கைபேசி அலறியது.

டாக்டர் சுப்புலட்சுமி.

சண்முகப்ரியா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"பத்தாவது உடல் முடிஞ்சுது சண்முகப்ரியா. கை முறிஞ்சது பெரிய காயம்தான். ஆனா அதுல சாகல. அதிர்ச்சியில மயக்கமா கிடந்திருக்கணும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"மூச்சுக்குழாய் பூரா கரி. நெருப்புல இருந்தப்ப புகையை இழுத்திருக்காரு. டாக்டர்கிட்ட போயிருந்தா ஒரு கை போயிருக்கும்... உயிர் போயிருக்காது."



"உ... உசுரோடவா?" மருதாசலத்தின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உசுரோடவா இருந்தான்?"

சண்முகப்ரியா அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அன்னிக்கு ரெண்டு மணி பத்துக்கு அந்தப் பள்ளத்துக்குள்ள இருபத்தி ரெண்டு ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சு. கடலூர்ல இருந்து, விருத்தாசலத்துல இருந்து, வடலூர்ல இருந்து... ஏத்திக்கிட்டுப் போக உயிரோட ஒரு ஆள் இல்லாம இருபத்தி ரெண்டும் காலியாத் திரும்பிப் போச்சு."

மருதாசலம் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சும்மா இருந்திருந்தாலே போதும்யா! அந்தப் பெல்ட்டுக்குப் பக்கத்துலயே அவரை விட்டுட்டு, மத்தவங்க மாதிரி நீங்களும் செருப்பை விட்டுட்டு ஓடியிருந்தீங்கன்னா... வந்தவங்க அவரைப் பாத்திருப்பாங்க. இருபத்தி ரெண்டுல ஒண்ணு நிறைஞ்சிருக்கும்!"

6

மூன்று இருபது.

"சார்..."

"ஒன்பது ஆச்சா?" டி.எஸ்.பி. கேட்டார்.

"ஆச்சு சார். தகனத்துக்கு ஒன்பது. பத்தாவது உடல் வளையமாதேவிக்குப் போகுது."

"அப்போ விமான விபத்துல..."

"அறுபத்து நாலு சார். உங்க கணக்கு சரி."

"அப்பாடா!"

"கொலையில ஒண்ணு சார். அதுவும் உங்க கணக்குதான். சூப்பர்வைசர் கஸ்டடியில இருக்கான். கயிறைக் கட்டினது முதலாளிக்கும் தெரியுமாம். அவரையும் தூக்கப் போறேன்."



"சண்முகப்ரியா... இதை நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? டி.வி. எல்லாம் இன்னிக்கு வந்திருக்கே!"

இந்த முறை அவள் முந்திக்கொண்டாள்.

டொக்!

கொட்டகை வாசலில் மலர்கொடி நின்றிருந்தாள். டிபன் பாக்ஸை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"மேடம்... கேட்டு ரெக்கார்டுல அன்னிக்கு அவரு வந்தாருன்னு எழுதுவாங்களா?"

"எழுத வைக்கறேன்."

"அவரு பேர்லயே?"

"நெடுமாறன்னு. உள்ளே 5.48."

மலர்கொடி தலையாட்டினாள். வெளியே எத்தனை மணி என்று அவள் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஏற்றி வந்த கலைச்செல்வன் முன் சீட்டில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. வெகு நேரம் கழித்துக் கேட்டாள்.

"தங்கச்சிக்கு முடிஞ்சுதாண்ணா?"

"முடிஞ்சுதும்மா..." என்று சொல்லிவிட்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சண்முகப்ரியா கரும்பலகையின் முன்னால் நின்றாள். 1002. வெயிலில் அந்த எண் பல்லைக் காட்டியது.

"ஏட்டய்யா! அழிங்க இதை!"

பன்னீர்செல்வம் தொப்பியாலேயே அழித்தார். கீழே கிடந்த சாக்பீஸை எடுத்தார்.

"என்ன எழுதட்டும் மேடம்?"

"பூஜ்யம்."

பன்னீர்செல்வம் பலகை நிறைய ஒரு வட்டம் போட்டார். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார். கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம்... பூஜ்யமும் லட்டு மாதிரி உருண்டையாத்தான் இருக்கு. ஆனா இதை ஒருத்தனும் பொட்டியில போட்டு ஸ்டேஷனுக்குக் குடுத்தனுப்ப மாட்டான்!"